கட்டிளம் பருவத்தினரும் போதைப் பாவனையும்: போக்கைப் பார்ப்போம்

மிளகாய்ச் செடியின் இலை சுருண்டால் அனுபவமுள்ள கமக்காரர் செடியைத் திட்டுவதில்லை. இலை மேல்நோக்கிச் சுருண்டிருக்கிறதா, கீழ்நோக்கிச் சுருண்டிருக்கிறதா என்று பார்க்கிறார். மேல்நோக்கிச் சுருண்டால் பனிப்பூச்சி, கீழ்நோக்கிச் சுருண்டால் சிற்றுண்ணி என்று ஊகிக்கிறார். இலையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்க்கிறார். தோட்டத்தின் எந்த மூலையில் தொடங்கியது, பக்கத்துத் தோட்டத்திலும் உண்டா என்று விசாரிக்கிறார். அதன் பின்னரே மருந்தைப் பற்றி யோசிக்கிறார்.

பிள்ளைகள் விடயத்தில் இந்தப் பொறுமை எம்மிடம் இருப்பதில்லை. மகனின் சட்டையில் சிகரட் மணம் வந்ததும் "கெட்டுப் போனான்" என்கிறோம். அடிக்கிறோம், அழுகிறோம். அல்லது "ஆம்பிளைப் பிள்ளைதானே, போகப் போகத் திருந்துவான்" என்று விட்டுவிடுகிறோம். இவற்றில் எதுவும் இலையைத் திருப்பிப் பார்க்கும் வேலை ஆகாது.

போதைப் பாவனைக்கும் ஒரு போக்கு உண்டு. எந்த வயதில், எந்தப் பொருளில், எந்த இடத்தில், யாருடைய கையிலிருந்து அது தொடங்குகிறது என்று பல வீடுகளைப் பார்த்தால் ஏறத்தாழ ஒரே தடம் தெரியும். தடம் தெரிந்தால் எந்த இடத்தில் மறிக்கலாம் என்பதும் தெரியும். தாய் தந்தையர், பேரப்பிள்ளைகளை வளர்க்கும் அம்மம்மா, அப்பப்பா, மாதர் சங்கத்தினர், கமக்கார அமைப்பினர் எல்லோரும் கூடியிருந்து வாசித்துப் பேசுவதற்காக இப்பாடத்தை எழுதுகிறோம்.

1. கட்டிளம் பருவம்

உலக சுகாதார நிறுவனம் 10 வயது முதல் 19 வயது வரையான காலத்தைக் கட்டிளம் பருவம் என்று வகுத்திருக்கிறது. இந்த வயதில் உயரம் கூடுகிறது, குரல் மாறுகிறது, மீசை அரும்புகிறது. இவை கண்ணுக்குத் தெரியும் மாற்றங்கள். கண்ணுக்குத் தெரியாத பெரிய மாற்றம் மூளையில் நடக்கிறது.

மூளையில் ஆசை, கோபம், துணிச்சல், இன்பம் ஆகியவற்றோடு தொடர்புடைய பகுதிகள் முதலில் வேகமெடுக்கின்றன. "இதைச் செய்தால் நாளை என்ன நடக்கும்?" என்று நிறுத்துப் பார்க்கும் முன்பகுதி கடைசியாகவே முதிர்கிறது. அந்த வேலை முடிய ஏறத்தாழ 25 வயது ஆகிறது. மாட்டை வண்டியில் பூட்டியாயிற்று, மூக்கணாங்கயிறு இன்னும் போடவில்லை என்று சொல்லலாம்.

இதிலிருந்து இரண்டு விடயங்கள் விளங்குகின்றன. முதலாவது, எதையும் விரைவாகக் கற்கும் மூளை அடிமைத்தனத்தையும் விரைவாகக் கற்றுக்கொள்கிறது. முப்பது வயதில் முதல் சிகரட்டைப் பிடிப்பவரை விடப் பதினான்கு வயதில் பிடிப்பவர் அதிலிருந்து மீள அதிகம் கஷ்டப்படுவார். இரண்டாவது, தொடங்கும் வயதைத் தள்ளிப்போடுவதே பெரிய பாதுகாப்பு. பதினான்கில் தொடங்க இருந்ததைப் பதினெட்டு வரை தடுத்தால் அந்த நான்கு வருடமும் பிள்ளைக்கு இலாபம். இருபத்தைந்து வரை தடுத்தால் பெரும்பாலும் அவர் தொடங்கவே மாட்டார்.

2. போக்கை அறிய நான்கு கேள்விகள்

எது? எங்கே, எந்த நேரத்தில்? யாரோடு? எந்தக் காசில்? இந்த நான்கையும் கேட்டால் பாவனையின் போக்கு விளங்கும்.

ஒரு பையனை எண்ணிப் பார்ப்போம். வயது பதினான்கு. சனிக்கிழமைகளில் அயலவரின் தோட்டத்தில் வெங்காயம் கிண்டப் போகிறான். பின்னேரம் நாட்கூலி அவன் கையிலேயே கொடுக்கப்படுகிறது. வேலை முடிந்ததும் பெரியவர்கள் வரம்பில் குந்தியிருந்து புகைக்கிறார்கள். ஒருவர் பாதிச் சிகரட்டை நீட்டி, "பிடி தம்பி, அலுப்புத் தீரும்" என்கிறார். சில கிழமைகளில் அவனே கடையில் ஒற்றைச் சிகரட் வாங்குகிறான். சில மாதங்களில் அதே கூட்டத்தில் போத்தல் மூடியளவு சாராயம் கிடைக்கிறது.

நான்கு கேள்விகளையும் இங்கே கேட்போம். பொருள் சிகரட். இடம் தோட்ட வரம்பு, நேரம் வேலை முடிந்த பின்னேரம். துணை வயதில் மூத்த தொழிலாளர். காசு அவனுடைய சொந்தக் கூலி. இந்தப் பையனுக்குப் புத்திமதி மட்டும் சொல்லிப் பயனில்லை. கூலியைத் தாயிடம் கொடுக்கும்படி தோட்டக்காரரோடு பேசலாம். வேலை முடிந்ததும் நேரே வீட்டுக்கு வரும்படி ஒழுங்கு செய்யலாம். நீட்டிய பெரியவரிடம் மரியாதையாக ஒரு சொல் கேட்கலாம். எல்லாவற்றுக்கும் முன்னர், பதினான்கு வயதுப் பிள்ளை கூலிக்குப் போகலாமா என்று கேட்க வேண்டும். 2021 ஆம் ஆண்டு முதல் எமது நாட்டில் வேலைக்கு அமர்த்தக்கூடிய குறைந்த வயது 16 ஆகும்.

பாவனை நான்கு படிகளில் போகிறது: ருசி பார்த்தல், நண்பரோடு இடையிடையே பாவித்தல், ஒழுங்காகப் பாவித்தல், இல்லாமல் இருக்க முடியாத நிலை. ருசி பார்த்த எல்லோரும் கடைசிப் படிக்குப் போவதில்லை. பெரும்பாலோர் நடுவிலேயே நின்றுவிடுகிறார்கள். ஆனால் கடைசிப் படியில் நிற்பவர்களிடம் விசாரித்தால், அநேகர் சிகரட்டிலோ மதுவிலோ தொடங்கியவர்களாகவே இருப்பார்கள். ஆகவே முதற் படியில் நிற்கும் பிள்ளையைக் குற்றவாளியாக நடத்தவும் கூடாது, கவனியாமல் விடவும் கூடாது.

3. எந்தப் பொருள் என்ன செய்கிறது?

(அ) வெற்றிலை, பாக்கு, மாவா

இது எமது வீட்டுத் தட்டத்திலேயே இருக்கும் பொருள். பாக்குச் சீவலில் ஒரு துண்டைப் பேத்தியின் வாயில் வைப்பதை நாம் அன்பாகவே செய்கிறோம். ஆனால் பாக்கிலுள்ள அரிக்கோலின் என்ற பொருள் நரம்பைத் தூண்டிப் பழக்கத்தை உண்டாக்கும். புகையிலை சேர்க்காமல் பாக்கை மட்டும் மென்றாலும் அது புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004 இல் வெளியிட்ட ஆய்வில் அறிவித்தது. எமது நாட்டு ஆண்களிடையே மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோயே.

பாக்கு, புகையிலை, சுண்ணாம்பு கலந்து சிறு பைகளில் விற்கப்படும் மாவா போன்றவை பாடசாலைப் பிள்ளைகளின் சட்டைப் பையில் எளிதாக மறைந்துவிடும். புகையோ மணமோ பெரிதாக வராது. புகையிலை கலந்த மெல்லும் கலவைகள் 2016 இல் சட்டப்படி தடைசெய்யப்பட்டன. ஆயினும் ஒளித்து விற்பனை நடக்கிறது. பிள்ளைக்கு உறைப்புச் சாப்பிட்டால் வாய் எரிகிறதா, கன்னத்தின் உட்புறம் வெளுத்து இறுகியிருக்கிறதா, வாயைப் பெரிதாகத் திறக்க முடியவில்லையா என்று பாருங்கள். இவை புற்றுநோய்க்கு முந்திய நிலையின் அடையாளங்கள். பல் வைத்தியரிடம் தாமதியாமல் காட்ட வேண்டும்.

(ஆ) சிகரட், பீடி, சுருட்டு

புகையிலைப் புகையில் 7,000 க்கு மேற்பட்ட இரசாயனங்கள் உள்ளன. அவற்றில் ஏறத்தாழ 70 புற்றுநோயை உண்டாக்குபவை. இழுத்த புகையிலுள்ள நிக்கொற்றின் சில விநாடிகளில் மூளையை அடைகிறது. சுவாசப்பை இருபது வயது தாண்டும் வரை வளர்கிறது. அந்தக் காலத்தில் புகைத்தால் வளர வேண்டிய அளவுக்கு அது வளராது. பந்து விளையாடும் பையனுக்கு இளைப்பு வருவதும், தொடர்ந்து இருமல் இருப்பதும் முதல் எச்சரிக்கைகள்.

யாழ்ப்பாணத்துப் புகையிலை எங்கள் பலருடைய குடும்பங்களைத் தாங்கிய பயிர். செம்மண்ணில் அதை விளைவித்து வீடு கட்டியவர்களும், பெண்பிள்ளைகளைக் கரைசேர்த்தவர்களும் உண்டு. அந்த உழைப்பை நாம் பழிக்கவில்லை. ஆனால் புகைக்காமலே புகையிலை பிள்ளையைத் தாக்கும் என்பதைத் தோட்டக்காரர் தெரிந்திருக்க வேண்டும். பனியிலோ மழையிலோ நனைந்த பச்சை இலையை வெறுங்கையால் கையாளும்போது நிக்கொற்றின் தோலினூடாக உடலில் சேரும். தலைச்சுற்று, ஓங்காளம், வாந்தி, தலையிடி, பலவீனம் ஏற்படும். வெயில் பட்டுவிட்டது என்று நாம் நினைப்பது பல வேளைகளில் இதுவே. பிள்ளைகளைப் புகையிலை முறிக்கும் வேலையில் விடாதீர்கள். பெரியவர்களும் நீளக் கைச்சட்டை, கையுறை அணிந்து, ஈரம் உலர்ந்த பின் முறித்து, வேலை முடிந்ததும் சவர்க்காரமிட்டுக் கழுவ வேண்டும்.

(இ) கள்ளு, பியர், சாராயம், கசிப்பு

"பியர் மதுவா? அது குளிர்பானம் மாதிரி" என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். கணக்குப் பார்ப்போம். மதுசாரம் 8.8 வீதம் கொண்ட 500 மில்லிலீற்றர் பியர் ரின் ஒன்றில் ஏறத்தாழ 35 கிராம் தூய மதுசாரம் இருக்கிறது. 33.5 வீதச் சாராயத்தில் 180 மில்லிலீற்றர் கொண்ட கால் போத்தலில் ஏறத்தாழ 48 கிராம் இருக்கிறது. வளர்ந்த ஒருவரின் ஈரல் ஒரு மணித்தியாலத்தில் ஏறத்தாழ 10 கிராம் அளவையே கழிக்க வல்லது. நாற்பது கிலோ நிறையுள்ள பையன் அந்த ஒரு ரின்னை விரைவாகக் குடித்தால், வாகனம் ஓட்டுவோருக்குச் சட்டம் வகுத்த எல்லையாகிய 100 மில்லிலீற்றர் குருதிக்கு 80 மில்லிகிராம் என்பதை எளிதில் தாண்டிவிடுவான். அந்த நிலையில் மோட்டார் சைக்கிளில் ஏறினால், கட்டில்லாத கிணற்றருகே நடந்தால் என்ன நடக்கும் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

கள்ளில் மதுசாரம் குறைவு, பொதுவாக 4 முதல் 6 வீதம். ஆனால் அது "உடம்புக்குக் குளிர்ச்சி" என்று பிள்ளைக்குக் கொடுக்கப்படுவதால் முதல் ருசியாக அமைகிறது. குளிர்ச்சி வேண்டுமென்றால் சுண்ணாம்பிட்டு இறக்கிய கருப்பநீர் இருக்கிறதே.

கசிப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதில் என்ன, எவ்வளவு இருக்கிறது என்று காய்ச்சியவருக்கே தெரியாது. மெதனோல் கலந்திருந்தால் சிறிதளவே கண்பார்வையையும் உயிரையும் பறிக்கும். குடித்து அரை நாள், ஒரு நாள் கழித்துத் தலையிடி, வயிற்று வலி, கண்ணில் பனிமூட்டம் போன்ற மங்கல் தோன்றினால் "வெறி இன்னும் இறங்கவில்லை" என்று படுக்க விடாதீர்கள். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். நேரத்தோடு போனால் அங்கே மாற்று மருந்து உண்டு.

தோட்டக்கார வீட்டுக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு. மது வெறியில், ஒரு கணக் கோபத்தில், வீட்டுக் கூரையில் செருகியிருந்த கிருமிநாசினியை எடுத்துத் தம் உயிரை மாய்த்தவர்கள் எமது ஊர்களில் பலர். அவர்களில் இளவயதினரும் உண்டு. கிருமிநாசினி பூட்டிய பெட்டியில், திறப்பு ஒருவரிடம் மட்டும் இருக்கும்படி வைக்கப்பட வேண்டும்.

(ஈ) கஞ்சா, மாத்திரைகள், ஹெரோயின், ஐஸ்

கடல் வழியாக வடக்குக் கரைக்குக் கஞ்சா வந்து இறங்குவதும் பிடிபடுவதும் நாம் அடிக்கடி கேட்கும் செய்தி. "அது மூலிகை" என்று சொல்லிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். கட்டிளம் பருவத்தில் தொடர்ந்து கஞ்சா பாவித்தால் ஞாபகசக்தியும் படிப்பில் கவனமும் குறையும். இல்லாத குரல் கேட்பதும், எல்லோரும் தன்னைக் கெடுக்க நிற்கிறார்கள் என்று சந்தேகிப்பதுமான மனநோய் வரும் வாய்ப்பு கூடும். இளமையில் தொடங்குவோருக்கு இந்த ஆபத்து அதிகம்.

வலிக்கும் நரம்பு நோய்க்கும் வைத்தியர் எழுதும் சில மாத்திரைகளையும் இளைஞர் போதைக்காக விழுங்குகிறார்கள். மதுவோடு சேர்த்தால் மூச்சு அடங்கிவிடும். வீட்டில் பாட்டனாருக்கு வாங்கிய குளிசைகளை எண்ணி வையுங்கள்.

ஹெரோயின் சில கிழமைகளிலேயே உடலை அடிமையாக்கும். கண்மணி ஊசிமுனை போலச் சுருங்கும், தூங்கி வழிவார்கள். கிடைக்காதபோது மூக்கொழுகும், உடல் முறியும், வயிறு பிசையும், மயிர்க்கூச்செறியும். அளவு மிஞ்சினால் மூச்சு நின்றுவிடும்.

ஐஸ் என்பது மெதம்பெற்றமின். அதன் போக்கு இதற்கு நேர்மாறு. இரண்டு மூன்று நாட்கள் தூக்கமின்றி, பசியின்றி அலைவார்கள். பின்னர் நாள் முழுவதும் தூங்குவார்கள். உடல் மெலியும், பல் சொத்தையாகும், சந்தேகமும் மூர்க்கமும் கூடும், இருதயம் பாதிக்கப்படும். 2022 இல் திருத்தப்பட்ட சட்டத்தின் கீழ் இதை வைத்திருப்பதும் விற்பதும் மிகக் கடுமையான தண்டனைக்குரிய குற்றம். விற்பவர்கள் பதினைந்து, பதினாறு வயதுப் பையன்களைக் கொண்டு சிறு பொதிகளை அனுப்புவது இதனால்தான். பிள்ளை பிடிபடுவான், அனுப்பியவர் தப்புவார்.

4. இடம்பெயர்ந்த வாழ்வு இதில் சேர்ப்பது என்ன?

1990 இல் வலிகாமம் வடக்கை விட்டுக் கிளம்பிய குடும்பங்களில் ஒரு பகுதியினர் இன்றும் தம் காணிக்குத் திரும்பவில்லை. 1995 ஒக்ரோபரில் வலிகாமத்திலிருந்து நடந்தவர்கள், 2008, 2009 இல் வன்னிக்குள் இடம் மாறி மாறி ஓடி, 2012 செப்ரெம்பரில் மூடப்பட்ட மெனிக் பாம் முகாமில் இருந்தவர்கள் என்று எமது வாசகர் பலர். திரும்பியவர்களிலும் கிணறு தூர்ந்து, காணி பற்றையாகி, மறுபடி தொடங்க முடியாதிருப்போர் உண்டு. இந்த வாழ்வு பிள்ளைகளின் போக்கில் என்ன மாற்றத்தைச் செய்தது?

முதலில் நேரம். சொந்தத் தோட்டம் இருந்தபோது பின்னேரங்களுக்கு வேலை இருந்தது. இறைப்புக்குத் தண்ணீர் மாறுவது, மாட்டை அவிழ்த்துக் கட்டுவது, எரு சுமப்பது எல்லாம் தகப்பனோடு சேர்ந்து செய்த வேலைகள். அந்த வேலைக்குள்ளே கதையும் புத்தியும் கைத்தொழிலும் கைமாறின. காணி போனதும் அந்தப் பின்னேரம் வெறுமையாகிவிட்டது. முகாமிலோ உறவினர் காணியிலோ பிறந்த பிள்ளைக்குத் தகப்பனிடமிருந்து கற்க எதுவும் இல்லாதது போன்ற தோற்றம் ஏற்பட்டது. வெறுமையான பின்னேரத்தைச் சந்தியில் நிற்பவர்கள் நிரப்புகிறார்கள்.

இரண்டாவது, ஊர்க் கண். பழைய ஊரில் எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையையும் "ஏனடா மோனை இங்கை நிக்கிறாய்? கொப்பர் எங்கை?" என்று கேட்கலாம். பல ஊரார் கலந்து வாழும் குடியேற்றத்தில் அந்த உரிமை எவருக்கும் இல்லை. பிள்ளைக்குப் பல கண்கள் இருந்த இடத்தில் இரண்டு கண்கள் மட்டும் மிஞ்சின. அவையும் கூலிக்குப் போய்க் களைத்த கண்கள்.

மூன்றாவது, நெருக்கடி. ஒரே அறையில் எல்லோரும் இருக்கும்போது தகப்பன் குடிப்பதும், அதனால் வரும் சண்டையும் பிள்ளையின் முன்னாலேயே நடக்கின்றன.

நான்காவது, துக்கம். போரில் இழந்தவர்களை நினைத்து நித்திரை வராமல் குடிக்கத் தொடங்கிய பெரியவர்கள் இருக்கிறார்கள். "அப்பாவுக்கு இது மருந்து" என்று பிள்ளை கற்றுக்கொள்கிறது. தனக்கும் மனம் கனக்கும் நாளில் அதே மருந்தைத் தேடுகிறது. ஆகவே தந்தையின் துக்கத்துக்கு வைத்தியம் செய்வதும் மகனைக் காப்பதாகும்.

பெண்பிள்ளைகளை இங்கே மறக்கக் கூடாது. அவர்களிடையே புகைத்தலும் மதுவும் குறைவு. ஆனால் தகப்பனின், அண்ணனின் குடியைத் தாங்குவது அவர்களே. படிப்பை நிறுத்தி வீட்டைப் பார்ப்பதும், அந்த வீட்டிலிருந்து தப்புவதற்காக இளவயதில் கலியாணத்துக்குச் சம்மதிப்பதும் இதே கதையின் இன்னொரு பக்கம்.

இன்னொன்றையும் கவனிப்போம். மாணவரின் போதைப் பாவனை பற்றிய கணக்கெடுப்புகள் பெரும்பாலும் பாடசாலைகளிலேயே நடத்தப்படுகின்றன. பாடசாலையை விட்டு விலகிய பிள்ளை அந்தக் கணக்கில் வருவதில்லை. அதிக ஆபத்தில் இருப்பவர்கள் அவர்களே. 16 வயது வரை கல்வி கட்டாயம் என்று 2016 இல் விதிக்கப்பட்டது. பிள்ளையைப் பாடசாலையில் வைத்திருப்பதை விடச் சிறந்த போதைத் தடுப்பு எம் கையில் வேறில்லை.

5. கவனிக்க வேண்டிய அடையாளங்கள்

ஓர் அடையாளத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். வளரும் வயதில் கோபமும் தனிமையும் இயல்பு. பல அடையாளங்கள் சேர்ந்து, திடீரென்று வந்தால் விசாரியுங்கள்.

• பழைய நண்பர்களை விட்டுப் பெயர் சொல்ல விரும்பாத புதியவர்களோடு பழகுதல்
• பாடசாலைக்கோ ரியூசனுக்கோ என்று புறப்பட்டு அங்கே போகாதிருத்தல்
• வீட்டில் சிறு காசு, கோழி, தேங்காய், தண்ணீர்ப் பம்பியின் உதிரிப் பாகம் போன்றவை காணாமற் போதல்
• நித்திரையும் பசியும் தலைகீழாக மாறுதல், உடல் மெலிதல்
• சிவந்த கண், வழமைக்கு மாறாகச் சுருங்கிய அல்லது விரிந்த கண்மணி
• எரிந்த ஈயத்தாள், சிறு பொலித்தீன் பொதிகள்
• காரணமின்றிக் கையில் அதிக காசு அல்லது புதிய கைத்தொலைபேசி இருத்தல்

6. வீட்டில் என்ன செய்யலாம்?

வெறியில் இருக்கும்போது பேசாதீர்கள், அடிக்காதீர்கள். மறுநாள் மனம் ஆறிய பின், தனியாக, வேலை செய்தபடியே பேசுங்கள். முகத்துக்கு முகம் இருத்தி விசாரிப்பதை விட, வேலி கட்டும்போது பக்கத்தில் நின்று கேட்டால் பையன் வாய் திறப்பான். "குடிச்சனியோ?" என்று தொடங்கினால் "இல்லை" என்று முடிந்துவிடும். "நேற்று உன்னைப் பார்க்கப் பயமாய் இருந்தது. என்ன நடந்தது, சொல்லு மோனை" என்று தொடங்கினால் கதை வளரும்.

பயமுறுத்தும் கதைகள் உதவா. "ஒரு சிகரட் பிடித்தால் புற்றுநோய்" என்று சொன்னால், பத்துப் பிடித்தும் நன்றாயிருக்கும் நண்பனை அவன் பார்க்கிறான். பிறகு எமது உண்மைகளையும் நம்பமாட்டான். அவனுக்கு இன்றே தெரியும் விடயங்களைச் சொல்லுங்கள்: இளைப்பு, வாய் மணம், கரைந்துபோகும் கூலி.

மறுக்கும் விதத்தைப் பழக்குங்கள். "வேண்டாம் அண்ணை, நாளைக்கு மட்ச் இருக்கு" என்ற ஒரு வசனம் வாயில் தயாராக இருந்தால் அந்த நேரத்தில் கைகொடுக்கும்.

கடைக்குப் போய்ப் பீடியோ சாராயமோ வாங்கி வரப் பிள்ளையை அனுப்பாதீர்கள். 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலைப் பொருளும் மதுவும் விற்பது குற்றம். பிள்ளையை அனுப்பும்போது அந்தக் குற்றத்துக்கு நாமே வழி திறக்கிறோம்.

வெறுமையான பின்னேரத்துக்கு வேலை கொடுங்கள். காணி இல்லாவிட்டாலும் பத்து மண்பையில் கத்தரிக் கன்றும், நாலு கோழியும், ஓர் ஆடும் வைக்கலாம். அதன் வரவு செலவைப் பிள்ளையே எழுதட்டும். அவன் தகப்பனிடமிருந்து கற்க இன்னும் நிறைய உண்டு என்பதை அவன் காண வேண்டும்.

7. அடிமையான பிள்ளைக்கு

கோரைப் புல்லை ஒருமுறை பிடுங்கினால் போகாது, கிழங்கு மண்ணுக்குள் இருக்கும். திரும்ப முளைத்தது என்பதற்காக எந்தக் கமக்காரரும் தோட்டத்தைக் கைவிடுவதில்லை. அடிமை நிலையும் மூளையில் வேரூன்றிய நோய். மீண்டு, விழுந்து, மறுபடி மீள்வது இதன் இயல்பு.

அறையில் பூட்டி வைப்பதும் கட்டி வைப்பதும் ஆபத்து. நாள்தோறும் அதிகம் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வந்து உயிரும் போகலாம். வைத்தியரின் கண்காணிப்பில்தான் நிறுத்த வேண்டும். ஹெரோயினை நிறுத்தும்போது முதல் சில நாட்கள் மிகக் கடுமையாக இருக்கும், ஏறத்தாழ ஒரு கிழமையில் தணியும். ஆனால் சில காலம் நிறுத்தியிருந்தவர் பழைய அளவையே மறுபடி எடுத்தால் உடல் தாங்காது. சிறையிலிருந்தோ சிகிச்சையிலிருந்தோ திரும்பிய முதல் கிழமைகள் மிகவும் கவனிக்க வேண்டியவை.

அரசாங்க ஆதார வைத்தியசாலைகளிலும் போதனா வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவுகள் உண்டு. சிகிச்சைக்குக் காசு இல்லை. தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்ற இலக்கத்திலும், உளநல உதவிக்கு 1926 இலும், சிறுவர் பாதுகாப்புக்கு 1929 இலும் பேசலாம்.

மயங்கிக் கிடப்பவரை எழுப்ப முடியாவிட்டால், மூச்சு மெதுவாகவோ குறட்டை போலவோ இருந்தால், உதடு நீலமாகினால் உடனே 1990 அம்புலன்ஸ் வண்டியை அழையுங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மோர், தேசிக்காய்த் தண்ணீர், கோப்பி எதையும் வாயில் ஊற்றாதீர்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், தனியே விடாதீர்கள். என்ன எடுத்தார் என்று தெரிந்தால் வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மானம் பார்த்து மறைத்த ஒரு மணித்தியாலம் உயிரை வாங்கிவிடும்.

8. ஊராகச் செய்ய வேண்டியது

கையெட்டும் தூரத்தில் இருப்பதுதான் கொல்கிறது என்பதற்கு எமது நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. 1990களின் நடுப்பகுதியில் உலகிலேயே மிக அதிகமாகத் தற்கொலை நடந்த நாடுகளில் இலங்கையும் ஒன்று. 1995 இல் அதிக நச்சுள்ள கிருமிநாசினிகள் தடைசெய்யப்பட்டன. பின்னர் 2008 முதல் 2011 வரை பரகுவாட் உள்ளிட்ட வேறு சிலவும் படிப்படியாக நீக்கப்பட்டன. தற்கொலை மரணங்கள் பாதிக்கும் கீழே குறைந்தன. மனிதரின் துக்கம் குறைந்துவிடவில்லை. கைக்கெட்டிய பொருளின் கொடுமை குறைந்தது, பல உயிர்கள் தப்பின.

போதைக்கும் இதே பாடம் பொருந்தும். பாடசாலைக்கு அருகிலுள்ள கடைக்காரரைக் கிராம அலுவலரோடும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரோடும் போய்ச் சந்திக்கலாம். கோவில் திருவிழா, கலியாணம், செத்தவீடு ஆகியவற்றில் பிள்ளைகள் கையில் தட்டமும் போத்தலும் போகாமல் ஒழுங்கு செய்யலாம். அறுவடைக் கூலியோடு போத்தல் கொடுக்கும் வழக்கத்தைக் கமக்கார அமைப்பின் தீர்மானமாக நிறுத்தலாம்.

கடினமான ஒரு கேள்வியும் உண்டு. கசிப்புக் காய்ச்சிப் பிள்ளைகளைப் படிப்பிக்கும் தாய்மார் எம்மிடையே இருக்கிறார்கள். கணவனை இழந்து, காணியை இழந்து, வேறு வழி தெரியாமல் அதில் இறங்கியவர்கள் அவர்கள். பொலிசுக்கு அறிவித்தால் ஒரு குடும்பம் பட்டினி கிடக்கும். பேசாமலிருந்தால் பல வீட்டுப் பிள்ளைகள் குடிப்பார்கள். மாதர் சங்கத்தின் சுழற்சிக் கடனில் முதல் இடத்தை அந்தத் தாய்க்குக் கொடுத்து, கோழி வளர்ப்போ இடியப்பத் தொழிலோ நிலைக்கும் வரை கைகொடுப்பது ஒரு வழி. மெதுவான வழிதான். ஆனால் அவருடைய பிள்ளைகளும் எமது பிள்ளைகளே.

குழுவில் கலந்துரையாட

1. எமது ஊரில் பிள்ளைகள் முதன்முதலில் ருசி பார்ப்பது எந்தப் பொருள்? அதைக் கொடுப்பது பெரும்பாலும் யார்?
2. பின்னேரம் நாலு மணி முதல் ஏழு மணி வரை எமது பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள்? ஊரின் படமொன்றை மண்ணில் கீறி, ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு கல் வையுங்கள்.
3. பாடசாலையை விட்டு விலகிய பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களைத் திருப்பி அனுப்ப என்ன தடையாக இருக்கிறது?
4. எமது வீடுகளில் கிருமிநாசினி எங்கே வைக்கப்பட்டிருக்கிறது? அடுத்த கூட்டத்துக்கு முன் எத்தனை வீடுகளில் பூட்டுப் போடலாம்?
5. பிறர் பிள்ளையைக் கேள்வி கேட்கும் உரிமையை எமக்குள் ஒருவருக்கொருவர் கொடுக்கத் தயாரா? எந்த வார்த்தைகளில் கேட்டால் மனம் நோகாது?

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஐந்தையும் செய்து முடிக்க வேண்டியதில்லை. ஒன்றைத் தெரிந்தெடுத்து, யார் செய்வது, எந்த நாளுக்குள் செய்வது என்று எழுதி வையுங்கள்.